இறால் வண்டியின் செயின்

காத்திவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் செல்லம்மாவுக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டுமே! அந்த வாய் இல்லாவிட்டால் என்னையும் என் இறால் கூடையையும் சேர்த்து என்றைக்கோ கடலில் தள்ளியிருப்பார்கள். உலகச் சண்டை முடிந்து நாலாவது வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் விடியுமுன் கழிமுகத்தில் இறங்கி இறால் பிடித்துக் கொடுப்பார். விற்பது என் வேலை. ராயபுரம் கொண்டுபோனால் நல்ல விலை, ஆனால் போவது எப்படி? பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடையைக் காலால் தள்ளுவான். "எறங்குமே! பஸ்ஸு பூரா கலீஜாவுது!" என்பான். மிச்சம் இருந்தது வெள்ளத்துரையின் லாரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மீன் மொத்த வியாபாரம் செய்தவர் அவர். லாரி வெயில் ஏறின பிறகுதான் எங்கள் குப்பத்துக்கு வரும். ராயபுரம் போய்ச் சேர்வதற்குள் இறால் செத்து வெளுத்துவிடும். "செத்த எறாலுக்கு இதுக்கு மேல என்ன வெல போட முடியும், நீயே சொல்லு" என்று என்னையே கேட்பார். உயிரோடுதானே ஐயா நான் கொடுத்தேன்! எனக்கு வயிறு எரியும். என் இறாலை உயிரோடு, என் கையால் விற்றே தீருவது என்று அப்போதுதான் முடிவு கட்டினேன்.

துறைமுகத்துக்கு எதிரே கப்பல்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்று இருந்தது. அங்கே சமையல்கட்டுக்குப் பெரிய ஆள் கலீலுல்லா பட்லர். அவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்து நாள் பாப்பேன். டெய்லி ஹார்பர்ல ஆறு மணி சங்கு ஊதறதுக்குள்ள எறா உசிரோட பின்கதவாண்ட வரணும். ஒரு நாள் தப்பிச்சின்னாகூட வெள்ளத்துரை லாரிக்கு சொல்லிடுவேன். அப்பால என்னாண்ட வந்து அழுதுகினு நிக்கக்கூடாது."

"அழுவுற ஆளு நானில்ல பட்லரே" என்றேன்.

அவருடைய அக்காவைக் கட்டியவர்தான் தண்டையார்பேட்டை சைக்கிள் கடை பக்ருதீன் பாய். பட்டாளத்துக்காரர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன சாமான்களைத் துறைமுகத்தில் ஏலம் போட்டபோது ஒரு குட்டி மோட்டார் வண்டியை எடுத்துக் கடையில் போட்டிருந்தார். வானத்திலிருந்து குடை கட்டி இறக்குவதற்காகச் செய்ததாம். ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். ஆம்பிளைகள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது, அதனால் ஒருவரும் வாங்கவில்லை. நான் குள்ளம். எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓட்டி வந்தேன். கழிமுகத்தில் இறங்கும்போது கட்டுவதுபோல் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நான் தெருவில் வந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரிச்சிட்டுப் போங்கடா!

தார் ரோட்டில் பறந்த வண்டி எங்கள் குப்பத்து மணலில் படுத்துக்கொண்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகரப் பெட்டி, உள்ளே ஈரச் சாக்கு, இறால், மேலே நான். இஞ்சின் கத்தும், பின்சக்கரம் நகராது, பிறகு அணைந்துவிடும். மறுபடி ஓடித் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மணலில் எங்கே ஓடுவது?

பாய் பார்த்தார். "பின்னாடி கீற பல்சக்கரம் சின்னது. பெருசா போட்டா ஸ்பீடு கொறையும், ஆனா இழுக்கும்" என்றார். உடைந்த பட்டாளத்து மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி, நடுவை ராவி, நாலு துளை போட்டு இரண்டு நாளில் பொருத்தினார். இப்போது செயின் எட்டவில்லை. வேறொரு செயினிலிருந்து துண்டு வெட்டி ஒட்டுக் கண்ணி வைத்துச் சேர்த்தார். அந்த ஒட்டுக் கண்ணி கழலாமல் பிடித்துக்கொள்ள மேலே ஒரு சின்னத் தகட்டுக் கவ்வி உண்டு. செயின் லாக்கு என்பார்கள். இத்தனூண்டு சாமான், விரல் நகத்தில் பாதி இருக்கும். அதை நம்பித்தான் முழு வண்டியும் ஓடுகிறது.

வேலையைத் தொடங்கும்போது, சைக்கிளைத் திருப்பிப் போடுவதுபோல் இதையும் ஸீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். பெட்ரோல் குடகுடவென்று கொட்டியது. பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அதன் பிறகு வண்டியைச் செங்கல் மேல் நேராக நிறுத்தித்தான் வேலை செய்தார்.

மணலில் வண்டி எருமைபோல் இழுத்துக்கொண்டு போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. செயின் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறதே என்று நானே பின் அச்சைத் தளர்த்திப் பின்னால் இழுத்து, பாய்மரக் கயிறு மாதிரி விறைப்பாகக் கட்டினேன். மறுநாள் அது முனகிய முனகலில் தெரு நாய்களெல்லாம் குரைத்தன. பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்ன யாரு தொட சொன்னா? நடுவுல வெரல வெச்சு தூக்குனா அரை இஞ்சு ஆடணும். இப்டி இறுக்குனா பல்லு தேஞ்சு பூடும்!"

தப்பு என்னுடையது. அவர் சொன்ன அளவுக்குத் தளர்த்திவிட்டேன். ஆனால் அன்றைக்கே என் கை முரட்டுக் கை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் வந்த வம்பெல்லாம் அங்கே பிடித்ததுதான்.

பத்து நாள் கணக்கு தொடங்கியது. மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் எர்ணாவூர் தாண்டினதும் கடகடவென்று சத்தம். செயின் அறுந்து ரோட்டில் கிடக்கிறது. கண்ணியும் அதன் பக்கத் தகடும் கிடைத்தன, லாக்கைக் காணோம். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி வளைத்து, கண்ணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பாய் புது லாக்கு போட்டார். ஏழாம் நாள் அதுவும் பறந்தது. இன்னொரு ஊக்கு. இந்த முறை பெட்டியை நான் இறக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

கடைக்குப் போய்க் கத்தினேன்.

"இன்னா பாய், பழைய லாக்கா பாத்து என் தலையில கட்டுறியா?"

"பழசா? புச்சு லாக்கு! உன் கைதான் சரியில்ல. வண்டிய முறுக்கோ முறுக்குன்னு முறுக்குற, செயின் தாங்குமா? பொம்பளைக்கி இன்னாத்துக்கு மோட்டாரு? பட்லரு மச்சானாண்டயும் சொல்லிட்டேன், வண்டி நல்ல வண்டி, ஓட்டுற கைதான் கேடுன்னு."

எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. "என் பொழப்புல மண்ணப் போட்டியே பாய்!" என்று தெருவே கூடும்படி சண்டை போட்டேன். அவர் மூன்றாவது லாக்கை மாட்டிக் கொடுத்தார். வழியில் வெள்ளத்துரை லாரியை நிறுத்தி, "ரெண்டு நாளு போவட்டும், ஒன் பெட்டியும் நம்ம லாரியிலதான் ஏறும் பாத்துக்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள். திருவொற்றியூரை நெருங்கும்போது அதே கடகட சத்தம். வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அழவில்லை. அழுதால் இறால் பிழைக்குமா? கிழக்கே நன்றாக வெளுத்திருந்தது. செயினைத் தூக்கப் போன கை நின்றுவிட்டது. லாக்கு கீழே விழவில்லை. பின்சக்கர மட்கார்டைத் தாங்கும் கம்பி இருக்கிறதல்லவா, அதன் வெளியே நீண்ட திருகுமரை முனையில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

எடுத்துப் பார்த்தேன். அதுவரை அதை நான் கையில் வைத்து ஆறஅமரப் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் உருண்டையாக மூடியிருக்கிறது, மறு பக்கம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அடியம்மா, இது மீன் அல்லவா! தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். பிளந்த வால்தான் மரையில் மாட்டி விரிந்திருந்தது. பெரிய பல்சக்கரம் போட்டதிலிருந்து செயின் அந்தக் கம்பியை ஒட்டி ஓடுகிறது. மேல் செயின் பின்னாலிருந்து முன்னால் போகிறது. வாலை முன்னால் வைத்துக்கொண்டு போனால் மாட்டாமல் என்ன செய்யும்? எந்த மீனாவது வாலை முன்னே நீட்டிக்கொண்டு நீந்துமா?

விரிந்த வாலைப் பல்லால் கடித்து நெருக்கினேன். கண்ணியைக் கோத்து, லாக்கின் தலையை முன்பக்கம் பார்க்க வைத்து அழுத்தினேன். டிக்கென்று உட்கார்ந்தது. ரோட்டோரத்துக் கல்லால் நாலு போடு போட்டு அந்தக் கம்பியையும் வெளியே வளைத்தேன். விரல் வைத்துத் தூக்கினேன். அரை இஞ்சு ஆடியது. தள்ளிக்கொண்டு ஓடி ஏறி உட்கார்ந்தேன். நான் பின்கதவைத் தட்டி முடிக்கும்போது சங்கு ஊதியது.

அங்கிருந்து நேராகப் பாய் கடை. அவர் ஒரு சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு அதற்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த லாக்கோட தல எந்தப் பக்கம் கீது?"

"பின்சக்கரத்துப் பக்கம். இருவது வருசமா அப்டித்தான் மாட்றேன். இன்னா இப்போ?"

"சைக்கிள நேரா நிறுத்து."

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத, செல்லம்மா."

"நிறுத்து பாய்!"

முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்தினார். மேலே இருந்த செயின் கீழே போனது. நான் பெடலைச் சுற்றி லாக்கை மேலே கொண்டுவந்தேன். தலை முன்சக்கரத்தைப் பார்த்தது. பிறகு என் வண்டியைக் காட்டினேன்.

"இத நீ தலகீழா போடல. செங்கல்லு மேல நேரா வெச்சு மாட்டுன. உன் கை மட்டும் சைக்கிளுக்கு மாட்டுறாப்ல பின்னாடி பாக்க வெச்சுருச்சு. மூணு தடவயும்!"

பாய் குனிந்து பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கி பத்தாம் நாளு. ஓட்டல் பின்கதவாண்ட வந்து நில்லு. செயின் நிக்குதா, என் கை நிக்குதான்னு உன் கண்ணால பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்தாம் நாள் சங்கு ஊத இன்னும் நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தேன். பாய் சுவரோரம் குந்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் செயினைத்தான் பார்த்தார். கலீலுல்லா வந்து சாக்கை விலக்கினார். ஒரு இறால் துள்ளி அவர் சட்டையில் அடித்தது. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பத்து நாளும் கரெக்டா வந்துட்ட. இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கி? செயினு எப்போ அறுந்துடுமோன்னு நான் அடுப்ப பத்த வெச்சுகினு காத்துக்கினு இருக்க முடியுமா? உன் கைய வண்டி தாங்காதுன்னு மச்சானே சொல்லிட்டாரு. வெள்ளத்துரையாண்ட பேசிட்டேன்மா. ஐஸு போட்டு விடியுமின்னே அனுப்புறேன்னாரு."

பத்து நாள் பட்ட பாடு, பல்லால் கடித்த இரும்பு, எல்லாம் வீண். நாக்கு நுனி வரை வந்தது, உண்மையைக் கொட்டிவிடலாம் என்று. ஆனால் நான் சொன்னால் வாய் நீண்டவள் கதை கட்டுகிறாள் என்பார். சொல்ல வேண்டியவர் சுவரோரம் இருக்கிறார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பாய் எழுந்தார். சமையல்கட்டு ஆட்கள் நாலைந்து பேர் கதவருகே நின்றார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு வரை பக்ருதீன் பாய் கை வைத்தால் தப்பாது என்று பேர். அந்தப் பேரோடு இருபது வருஷம் வாழ்ந்த மனிதர்.

"மச்சான், அவ கை மேல தப்பில்ல. நான்தான் லாக்க திருப்பி மாட்டிட்டேன். ஒரு தபா இல்ல, மூணு தபா. இப்போ மாட்டி கீறது அவளே மாட்டுனது. இனிமே அது அறுந்து போவாது. அறுந்துச்சின்னா என் கடைய மூடிடறேன்."

கதவருகே ஒருவன் களுக்கென்று சிரித்தான். பாயின் காது சிவந்துபோனது, ஆனாலும் அவர் தலையைக் குனியவில்லை. அவரைத் திட்டுவதற்காக ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவு நூறு இருக்கும். ஒன்றுகூட வெளியே வரவில்லை. பத்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

கலீலுல்லா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியை அவரே தூக்கினார்.

"லாரிக்கு வேணாம்னு ஆள அனுப்புறேன். நாளைக்கும் ஆறு மணிக்கு வந்துரு."

சங்கு ஊதியது. நான் வெறும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே பாய் பின்னால் வந்து கை வைத்துத் தள்ளினார்.

"மெதுவா தள்ளு பாய்" என்றேன். "நான் மாட்டுன செயினு."

"தெரியும்மா, தெரியும்" என்று ஓடிக்கொண்டே சொன்னார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.