நடுத்தாள்

1974ஆம் ஆண்டு அனுமந்தன்பட்டிக் கிளை நூலகத்திற்கு ஒரே ஒரு நாளிதழ்தான் வந்துகொண்டிருந்தது. நூலகரான நான் அதைத் தாள் தாளாகப் பிரித்து மேசையில் வைப்பேன். படித்து முடித்தவர் பக்கத்திலிருப்பவரிடம் மாற்றிக்கொள்வது வழக்கம்.

வைகுண்டராஜ் அண்ணாச்சி மட்டும் மாற்றமாட்டார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். மனைவி காலமானபின் கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே தனியே குடிவந்தார். எட்டு மணிக்கே வந்து, விலை நிலவரம் வரும் நடுத்தாளைக் கைப்பற்றிவிடுவார். பதினொரு மணி வரை அது அவருடையது.

தென்னந்தோப்புக்காரர் ராக்கையா அவர் பக்கத்தில் அமர்ந்து காத்திருப்பார்.

"அண்ணாச்சி, தேங்கா விலை பாக்கணும். தாளத் தாங்க."

"இப்பத்தான எடுத்தேன். உக்காருப்பா."

"நீங்க முடிக்கிறதுக்குள்ள என் தோப்புல அடுத்த வெட்டு வந்துரும்."

"வந்து என்ன செய்ய? போன வெட்டுல எனக்குக் குடுத்தியே, ஒரு காயி. குடுமியத் தவிர உள்ள ஒண்ணுமில்ல."

"ஓசிக் காய்க்குக் குடுமி போதும்."

சண்டை வலுக்கும். மற்ற வாசகர்களும் தத்தம் தாள்களைக் கீழே வைத்துவிட்டு அதில் சேர்வார்கள். அண்ணாச்சியின் தலைக்கு நேர்மேலே 'அமைதி காக்கவும்' என்ற பலகை தொங்கியது. எழுத்துக் கண்ட இடமெல்லாம் படிக்கும் அவ்வூரார் அதை மட்டும் படித்ததில்லை.

எவரையும் கடிந்து பேச எனக்குத் துணிவில்லை. ஆகவே இரண்டாவது பிரதி வேண்டி மேலிடத்திற்குப் பணிவுடன் விண்ணப்பித்தேன். எட்டு மாதங்களில் அனுமதி வந்தது. அலுவலக வேகத்தில் அது பாய்ச்சல்.

ராக்கையா புதிய பிரதியில் இரண்டே நிமிடத்தில் விலை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நூலகம் அமைதியாயிற்று. மூன்றாம் நாள் அண்ணாச்சியே நடுத்தாளை அவரிடம் நீட்டினார்.

"விலை பாக்கலியா?"

"பாத்தாச்சு, அண்ணாச்சி."

மறுநாள் முதல் அண்ணாச்சி வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து அவர் வீட்டிற்குச் சென்றேன். நாற்காலியில் சும்மா அமர்ந்திருந்தார்.

"ஒடம்புக்கு முடியலையா, அண்ணாச்சி?"

"ஒடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. ஒரு மனுசன் எங்கிட்ட எரிஞ்சு விழுந்து பத்து நாளாச்சு, சார்."

எனக்கு விளங்கிவிட்டது. நல்லது செய்வதாக எண்ணி அவருடைய பக்கத்து இருக்கையை நானே காலி செய்திருக்கிறேன்.

"ரெண்டாவது பேப்பர ஆபீஸ்ல நிறுத்திட்டாக, அண்ணாச்சி" என்றேன். அரசுப் பணியில் நான் சொன்ன முதற்பொய் அது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வந்தார். இரண்டாவது பிரதியை மடித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் நான் அமர்ந்திருந்தேன். ராக்கையா வந்து மேசையைத் துழாவினார்.

"இன்னொரு பேப்பர் எங்க, சார்?"

"வரல" என்று சற்று நெளிந்தேன். நாற்காலி சரசரத்தது. ராக்கையா என் தொடையருகே நீட்டிக்கொண்டிருந்த காகித முனையைப் பார்த்தார். பிறகு, நடுத்தாளோடு நிமிர்ந்து அமர்ந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்சீக இத்தன நாளா? தாளத் தாங்க."

"இப்பத்தான எடுத்தேன். உக்காருப்பா."

பதினொரு மணி வரை நான் எழுந்திருக்கவில்லை.