யாரிடம் என்ற கட்டம்

“சாவி இல்லாத பூட்டு உலகத்துல உண்டா? எங்கயாவது இருக்கத்தானே செய்யும்!”

“கத்தாதீங்க. முன்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க.”

“கத்தலை, கேக்கறேன். ஊசி எங்கன்னு கேட்டாக்கூட கண்ண மூடிட்டு சொல்லுவ. இது மட்டும் எப்படித் தெரியாம போச்சு?”

“உங்க அப்பா ரூமுங்க அது. நான் ஒரு நாள்கூட உள்ள எட்டிப் பார்த்ததில்ல.”

கணவன் மாடிப்படிக்குக் கீழே குனிந்து அந்தக் குட்டைக் கதவைத் தோளால் இடித்துப் பார்த்தான். கதவு அசையவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தவன் படியின் அடிப்பாகத்தில் தலையை இடித்துக்கொண்டான். வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

மாமனார் காலை ஆறரை மணிக்கு இறந்திருந்தார். நடைக்குக் கிளம்பி, ஷூ இரண்டையும் மாட்டி நாடாவை முடிந்துகொண்டு, வாசலறை நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். மடியில் நான்காக மடித்த துணிப்பை. நடப்பதற்கு எதற்குப் பை என்று அவள் பல வருடங்களாக யோசித்தது உண்டு. கேட்டதில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். இறப்புச் சான்று எழுதித் தர அடையாள அட்டை வேண்டும் என்றார். உடலை எடுக்க நாலு மணிக்கு வண்டி. அலமாரியில் அட்டை இல்லை, மேசையிலும் இல்லை. மிச்சம் இந்த அறைதான்.

“பூட்டு உடைக்கிற ஆள யாராவது தெரியுமான்னு கேட்டுட்டு வரேன்” என்று கணவன் முன்னறைக்குப் போனான்.

அவன் போன வழியில் நாத்தனார் வந்தாள். பயணக் களைப்பும் அழுத முகமுமாக இருந்தவள், துடைத்து வைத்த மாதிரி இருந்த கூடத்தைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள்.

“அண்ணி, போன தடவ வந்தப்போ இங்க ஒரு ஸ்டூல் இருந்துச்சே?”

“ஒரு வருஷமா யாரும் உக்காரல.”

“அதானே. அண்ணன் கொஞ்சம் ஆடி அசைஞ்சுட்டே இருக்கட்டும். சும்மா உக்காந்தான்னா அவனையும் குப்பை வண்டில ஏத்திடுவீங்க.”

மருமகளான அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாதத்துக்கு ஒருமுறை தட்டு தட்டாகப் பார்த்து, தேதி முடிந்த மருந்துகளைத் தனியே எடுத்து வைப்பது அவள் வேலை. அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிட்டது. கைப்பிடி போன ஜக்கு, எரியாத விளக்கு, மூடியில்லாத டப்பா எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. செவ்வாயும் வெள்ளியும் விடியும் முன்பே கறுப்புப் பை வாசலுக்குப் போய்விடும். வீடு மூச்சு விடுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

மாமனார் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பஸ் பணிமனையில் உதிரி பாகங்களுக்கு ஸ்டோர் கீப்பராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். இருவருக்குமே அலமாரிதான் பிழைப்பு என்பதால் சாப்பிடும்போது பேச விஷயம் கிடைக்கும்.

“ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டைம்மா” என்பார். “என்ன பொருள், எப்ப வந்துச்சு, எப்ப வெளிய போச்சு, யாரிடம். அவ்வளவுதான் கட்டம்.”

“தொலைஞ்சு போனா மாமா?”

“அதுக்குக் கட்டம் கிடையாது. ஒண்ணு இங்க இருக்கும். இல்ல யார்கிட்டயாவது இருக்கும்.”

இந்தப் பேச்செல்லாம் செருப்பு விஷயத்துக்கு முன்பு.

மாமியாரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று அவசரத்தில் மாட்டிவிட்ட வலதுகால் செருப்பு தெருவில் எங்கோ விழுந்துவிட்டது. மாமியார் திரும்பி வரவில்லை. இடதுகாலின் செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பழுப்பு நிறம், வார் தேய்ந்தது. இரண்டு வருடம் அவள் அதைச் சுற்றிப் பெருக்கினாள். ஒரு வியாழக்கிழமை அதையும் கறுப்புப் பைக்குள் போட்டாள். மறுநாள் வண்டி வழக்கத்துக்கு முன்பே வந்து எடுத்துப் போய்விட்டது.

அன்று மாமனார் கட்டிலை நகர்த்தித் தேடினார்.

“இங்க ஒரு செருப்பு இருந்துச்சு. பார்த்தியாம்மா?”

“நான் பாக்கலையே மாமா.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. பதினோரு நாள் தேடினார். ஷூ அலமாரி, மொட்டை மாடி, அரிசி டப்பாவின் பின்னால். பன்னிரண்டாம் நாள் தேடவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். மறந்துவிட்டார் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு நாலு வருடமாக அந்த ஒரு கேள்வி அவளை விடவில்லை. அவருக்குத் தெரியுமா? சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அவர் எதிரே போய் நின்று, “டீ போடவா மாமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இன்று காலை நாற்காலியில் அவரைப் பார்த்ததும் முதலில் தோன்றியதும் அதுதான்: இனி யாரிடம் கேட்பது?

“அக்கா.”

எதிர்வீட்டு டிரைவர் தயங்கியபடி நின்றார். கையில் ஒரு டார்ச்.

“பெரியவர் குடுத்தது. ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன், ராத்திரி வண்டி எடுக்கறப்போ உதவும்னார். இப்போ திருப்பிக் குடுக்கணுமோ என்னமோன்னு...”

பச்சை டார்ச். பக்கவாட்டில் பிளாஸ்டிக் உருகிய தழும்பு. போன மழைக்காலத்தில் அவள் கையாலேயே குப்பையில் போட்டது.

“நீங்களே வெச்சுக்கோங்க” என்றாள்.

டிரைவர் போனதும் அவள் சாவிப் பலகையின் முன்னால் போய் நின்றாள். அவளே வாங்கி மாட்டிய பலகை. எட்டுக் கொக்கிகள். வாசல், பின்வாசல், ஸ்கூட்டர், மாடி... எட்டாவது கொக்கியில் ஒரு பித்தளைச் சாவி. வாரம் தவறாமல் அதைத் துடைத்திருக்கிறாள். பழைய சூட்கேஸுடையது என்று நினைத்து, தூக்கிப் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதையும் ஒளித்து வைக்கிறவர் இல்லை. அதனதன் இடத்தில் வைக்கிறவர்.

பூட்டு எண்ணெய் விட்ட மாதிரி திறந்தது.

விளக்கைப் போட்டாள். குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. படிக்கட்டின் சரிவுக்கு ஏற்ப, உயரமாகத் தொடங்கி முழங்கால் உயரத்தில் முடிகிற பலகைத் தட்டுகள். பழைய பழப்பெட்டிகளை அறுத்துச் செய்தவை. தூசு இல்லை. இடித்துக்கொள்ள ஒரு பொருள்கூட வழியில் இல்லை. அவளுடைய சமையலறை அலமாரி இவ்வளவு ஒழுங்காக ஒரு நாளும் இருந்ததில்லை. முதலில் வந்தது பொறாமைதான்.

பிறகுதான் பொருள்களைப் பார்த்தாள்.

கைப்பிடி போன ஜக்கு. மூடியில்லாத மூன்று டப்பாக்கள். கணவனின் பள்ளிக்கூட காம்பஸ் பெட்டி. உதடு உடைந்த அவளுடைய காபிக் கோப்பை. கூடத்து ஸ்டூல், புதுக் கால் ஒன்றுடன். ஒவ்வொன்றின் முன்னாலும் நூலில் ஒரு அட்டை தொங்கியது. நிமிர்ந்த கையெழுத்து. பொருள், வந்த தேதி, வெளியே போன தேதி, யாரிடம்.

இந்த நேரத்தில் தெருவில் குப்பை வண்டியின் மணி கேட்டது. இன்று வெள்ளிக்கிழமை. அட்டைகளை வேகமாகப் பார்த்தாள். வந்த தேதிகளுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கிழமை எழுதியிருந்தார். செவ்வாய். வெள்ளி. வெள்ளி. செவ்வாய்.

துணிப்பை எதற்கு என்று இப்போது தெரிந்தது.

சில இடங்களில் பொருள் இல்லை, அட்டை மட்டும். ‘டார்ச். பழுது நீக்கியது. யாரிடம்: எதிர்வீட்டு டிரைவர்.’ ‘இடுக்கி. ஆணி மாற்றியது. யாரிடம்: சமையலறை.’ தூக்கிப் போட்ட இடுக்கி மறுபடி அடுப்படியில் தொங்கியதைப் பார்த்து, நம்மிடம் இரண்டு இருந்திருக்கிறது போல என்று அவள் நினைத்த நாள் ஞாபகம் வந்தது. அதே வாரம் சாப்பிடும்போது, “இடுக்கி நல்லா பிடிக்குதாம்மா?” என்று அவர் கேட்டார். என்ன கேள்வி இது என்று நினைத்து, “பிடிக்குது மாமா” என்றாள்.

அடையாள அட்டை ‘அ’ என்று எழுதிய டப்பாவில் இருந்தது. வேறெங்கே இருக்கும்? எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கிளம்பத் திரும்பியவள் கீழ்த்தட்டைப் பார்த்தாள்.

தாழ்ந்த மூலையில் செய்தித்தாள் விரித்த ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரு பாதம் அளவுக்கு. அவள் மண்டியிட்டு அட்டையைத் திருப்பினாள்.

‘பொருள்: செருப்பு, இடது, 1.’

வந்த தேதி, மாமியாரை ஆம்புலன்ஸில் ஏற்றிய நாள். வெளியே போனது ஒரு வெள்ளிக்கிழமை. அடியில் சின்ன எழுத்தில், அட்டை எழுதிய நாள். அவள் விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டாம் நாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாள்.

‘யாரிடம்: மருமகள்.’

அதற்குக் கீழே, மற்ற எந்த அட்டையிலும் இல்லாத ஒரு கட்டத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். ‘திரும்பும் தேதி.’ அதில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் தொங்கியது. கூராகச் சீவியிருந்தது.

குப்பை வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

“கெடைச்சுதா?” வெளியிலிருந்து கணவன். அவள் அடையாள அட்டையை நீட்டினாள். வாங்கியவன் உள்ளே பார்க்காமலே ஓடினான். “கெடைச்சிருச்சு, கெடைச்சிருச்சு” என்று அவன் யாரிடமோ சொல்வது முன்னறை வரைக்கும் கேட்டது.

நாத்தனார்தான் உள்ளே வந்தாள். வாசலில் முட்டியைப் பிடித்துக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அய்யோ அப்பா...” என்றாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. “என்னோட காம்பஸ் பெட்டியக்கூட அண்ணன் பேர்ல போட்டு வெச்சிருக்காரு பாருங்க.” கோப்பையைத் தொட்டாள். ஸ்டூலைத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு அட்டையாக உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே போனாள். மருமகள் கீழ்த்தட்டை மறைத்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தாள். பென்சில் அவள் முழங்கையில் பட்டு ஆடியது.

“அண்ணி, எனக்கு பங்கு கிங்கு ஒண்ணும் வேண்டாம். இதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். அம்மாவோட செருப்பு ஒத்தை வெச்சிருந்தாரே, உங்களுக்குத் தெரியும்ல? அது இங்கதான் எங்கயாவது இருக்கும். நீங்களே எடுத்துக் குடுங்க அண்ணி.”