களத்தில் சொன்ன எண்பது மூட்டை

எனக்குக் கணக்குத் தெரியாது என்று உருத்திரபுரத்தில் யாரும் சொல்ல முடியாது. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர்கூட என்னைக் கண்டால் தராசுத் தட்டை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் தூக்குவார். என் கணவர் பரமேஸ்வரன் அப்படியில்லை. ஒரு சாமான் சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், மனுசன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவார். ஆனால் இந்தக் கதையில் பிழை விட்டது அவரில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு தை மாதம், நல்லதம்பி முதலாளி கிளிநொச்சியில் புதிதாக ஒரு நெல்லுக் குத்துகிற மில் திறந்தார். ஆட்களை இழுப்பதற்கு ஒரு பச்சை அட்டையும் போட்டார். வருசத்துக்கு நானூறு ரூபாய் கட்டி அட்டை எடுத்தால் குத்துகூலியில் கால்வாசி கழிவு. அதோடு, சேருகிற அன்றைக்கே ஒரு புதுப் படங்கு சும்மா.

படங்கு இல்லாமல் வயல்காரனுக்கு அறுவடையில்லை. நெல்லைக் காயவிடுவதும் அதில்தான், மழை வந்தால் மூடுவதும் அதால்தான். யுத்தத் தடையால் அந்த நாட்களில் கடைகளில் புதுப் படங்கைக் கண்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஒளித்து வைத்து விற்கிறவர்கள் ஆயிரத்தெண்ணூறு கேட்டார்கள். எங்களிடம் இருந்த பழசுக்குள் படுத்தால் வானத்து வெள்ளி எண்ணலாம்.

"ஆயிரத்தெண்ணூறு ரூபாச் சாமான் நானூறு ரூபாய்க்கு வருது. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் அவர்.

"தவிடு ஆருக்கு எண்டு கேட்டனீங்களோ?"

"தவிடோ?"

"ஓம், தவிடு! நெல்லுக் குத்தினால் அரிசி மட்டுமோ வரும்?"

மனுசன் கேட்கவில்லை. நானே போய்க் கேட்டேன். நினைத்தது சரி. அட்டைக்காரர்களின் தவிடு மில்லுக்காம். எங்கள் சந்தியில் வீரகத்தி அண்ணரின் பழைய மில்லில் கூலி கொஞ்சம் கூடத்தான், ஆனால் தவிடு எங்கள் சாக்கிலேயே வீட்டுக்கு வந்துவிடும். அந்தத் தவிட்டில்தான் எங்கள் சிவலைப் பசு நிற்கிறது. அவள் கறக்கிற ஐந்து போத்தல் பாலில் நாலு தேத்தண்ணிக் கடைக்குப் போகும். வீட்டுச் சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாம் அந்தக் காசு. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். முதல் வருசம் லாபம், இரண்டாம் வருசம் நட்டம், மூன்றாம் வருசம் சிவலை பட்டினி.

"உந்த அட்டை எங்களுக்கு வேண்டாம்" என்றேன். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். திரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாசி பிறந்ததும் சூடு அடித்தோம். அறுத்துக் குவித்திருந்த கதிரின்மேல் உழவு மிசின் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. மத்தியானத்துக்குள் களத்தின் நடுவில் நெல் குவிந்துவிட்டது. நான் சுளகால் பதரைத் தூற்றிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முல்லைத்தீவுப் பக்கமாக வானம் கறுத்ததைக் கண்டேன். நனைந்த நெல் இரண்டு நாளில் முளைத்துவிடும். ஒரு வருசச் சோறு.

அந்த நேரம் பார்த்து நல்லதம்பி முதலாளியின் கிளாக்கர் கோகுலன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் மூன்று புதுப் படங்குகளைக் கட்டியிருந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர், முப்பது முப்பத்திரண்டு வயது. வயலை பஸ்ஸுக்குள் இருந்து பார்த்ததோடு சரி. வந்தவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஒருக்கால் மேகத்தைப் பார்த்தார், ஒருக்கால் எங்களைப் பார்த்தார்.

என் கணவர் என்னைத்தான் பார்த்தார். என்ன செய்ய? இரண்டாம் வருச நட்டத்தை இரண்டாம் வருசம் பார்ப்போம் என்று, மடியில் முடிந்திருந்த பால்காசை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

கோகுலன் ஒரு படிவத்தை எடுத்தார். "அண்ணை, ஒரு வருசத்துக்கு எத்தினை மூட்டை குத்துவியள்?"

"அறுபது போடுங்கோ" என்றார் இவர்.

வயல் செய்யாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது குறைந்த கணக்கு வாயில் வரக்கூடாது. இல்லை, காணாது, முடிஞ்சுது என்ற சொற்களையெல்லாம் வரம்புக்கு அங்கால் விட்டுவிட்டுத்தான் களத்துக்குள் கால் வைப்போம். நெல்லை அளக்கும்போதும் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லமாட்டோம், 'லாபம்' என்போம். வாயால் குறைத்துச் சொன்னால் பொலியும், அதுதான் குவிகிற விளைச்சலும், குறைந்துபோகும் என்பது எங்கள் பயம். இரண்டு ஏக்கர்க்காரர் அறுபது என்று சொன்னது அதனால்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா கிடந்ததா? "ஏனப்பா அறுபது? நல்ல வாயாலை எண்பது எண்டு சொல்லுங்கோ!" என்றேன்.

கோகுலன் எண்பது என்று அழகாக எழுதினார். மிசின்காரர் "பொலி, பொலி!" என்று கத்தினார். கையெழுத்தும் நான்தான் வைத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் மழை கொட்டியது. அப்பா, என்ன மழை! படங்கின் நாலு மூலையிலும் கல்லை வைத்து, ஒரு மூலையில் நானும் ஏறிக் குந்தியிருந்தேன். உச்சியில் இருந்து கால்வரை நனைந்து போனேன். மழை விட்டதும் படங்கைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். நெல் பொருபொருவென்று காய்ந்தபடியே கிடந்தது. அந்தச் சந்தோசத்தில் என் மனுசனின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டேன்.

அளந்து முடிய இருபத்தாறு மூட்டை. உரம் இல்லாத காலத்தில் அது குறையில்லை. வெட்டுக்கூலி, மிசின்கூலி, விதைநெல் எல்லாம் போக, வருசம் முழுக்கக் குத்த வீட்டில் பதினைந்து மூட்டை மிஞ்சும்.

மூன்றாம் நாள், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் ஒரு வசனம் இருந்தது. எழுதிக் கொடுத்த கணக்கில் குறைகிற ஒவ்வொரு மூட்டைக்கும் வருச முடிவில் முப்பது ரூபாய் அறவிடப்படும்.

எண்பதில் பதினைந்து போனால் அறுபத்தைந்து. அறுபத்தைந்து முப்பது, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது. திரும்பவும் பெருக்கினேன். அதேதான் வந்தது. அவ்வளவு காசுக்கு எங்கள் வளவில் விற்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது மாட்டுக் கொட்டிலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"என்ர அம்மாளாச்சி, சிவலையை வித்துப்போட்டனே!" என்று குசினி வாசலில் இருந்துவிட்டேன்.

அவர் அட்டையை வாங்கி வாசித்தார். மெதுவாக, "நான் அறுபது எண்டுதான் சொன்னனான்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு அன்றைக்கு அவருக்குச் சோறு போடாமல் விட்டிருப்பேன். எனக்கும் பசித்தபடியால் போட்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் படங்கைக் கழுவிக் காயவைத்து, மடித்துச் சைக்கிள் கரியரில் கட்டினோம். அவர் உருட்ட, நான் பக்கத்தில் நடந்தேன். கிளிநொச்சி வரைக்கும் மனதுக்குள் என்னென்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். போன இடத்தில் ஒன்றும் வரவில்லை.

மில் முற்றம் முழுக்க நெல் காய்ந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல். விறாந்தையில் நல்லதம்பி முதலாளி கதிரை போட்டு இருந்தார். புருவத்தில்கூடத் தவிட்டுத் தூள். முள்ளியவளையில் வயல் செய்து வளர்ந்த ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"முதலாளி, இந்தாங்கோ உங்கட படங்கு. ஒரு மழைதான் நனைஞ்சது. நானூறையும் நீங்களே வைச்சிருங்கோ. மாட்டை மட்டும் விக்க வைக்காதேங்கோ."

"எந்த மாடு, பிள்ளை?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் படிவத்தை எடுத்தார்.

"எண்பதோ? எத்தினை ஏக்கர்?"

"இரண்டு" என்றார் என் கணவர்.

முதலாளி திரும்பி, மேசையில் இருந்த கோகுலனைப் பார்த்தார். "தம்பி, இதை எங்கை வைச்சு எழுதினீர்?"

"களத்திலை, முதலாளி. சூடு அடிச்சுக்கொண்டு நிண்டவை."

"மற்றதுகள்?"

"எல்லாம் களத்திலைதான். அறுவடை நேரம் வீட்டிலை ஆக்களைப் பிடிக்கேலாது."

முதலாளி படிவக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூறு. நூற்றிருபது. தொண்ணூறு. ஒரு ஏக்கர்க்காரர் ஒருவர் நூற்றைம்பது போட்டிருந்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுகளைக் கூட்டிப் பார்த்தீரோ தம்பி? இரணைமடுக் குளத்தை மூண்டு தரம் திறந்து விட்டாலும் இவ்வளவு நெல்லு விளையாது! களத்துக்குள்ளை நிக்கிற ஆளிட்டைக் கணக்குக் கேட்டால் குறைச்சுச் சொல்லுமோ? என்ர களத்திலை வந்து கேட்டிருந்தால் நானே ஆயிரம் எண்டு சொல்லியிருப்பன்."

கோகுலன் ஒன்றும் விளங்காமல் முழித்தார். பாவம்.

முதலாளி பேனையை எடுத்து எங்கள் எண்பதின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இது சாமிக்குச் சொன்ன கணக்கு. எனக்குச் சொன்னதில்லை. எல்லாரிட்டையும் திரும்பப் போய்க் கேட்டு எழுதும். வீட்டிலை வைச்சுக் கேளும்."

பக்கத்தில் கிடந்த மூட்டையில் அப்படியே இருந்துவிட்டேன். சிவலை எங்களுக்குத்தான், எங்களுக்குத்தான் என்று நெஞ்சு அடித்தது. யாரோ ஒரு தேத்தண்ணியைக் கையில் தந்தார்கள். அதைக் குடித்து முடிக்க எனக்கு என் வாய் திரும்பி வந்துவிட்டது.

"எண்டால் முதலாளி, தவிட்டுக் கதையையும் இப்பவே கதைப்பம்."

"இஞ்ச பாருமப்பா, இப்பதான் அழுதவா!" என்றார் முதலாளி என் கணவரிடம்.

"எனக்கு உங்கட கூலிக் கழிவு வேண்டாம். முழுக்கூலி தாறன். என்ர நெல்லின்ர தவிடு என்ர மாட்டுக்கு. சரியோ?"

அவர் தாடையைச் சொறிந்து யோசித்தார். "சரி. ஆனால் கட்டின நானூறு நானூறுதான்."

"அது படங்குக்குப் போனதெண்டு வைப்பம். அடுத்த வருசம் அட்டை வேண்டாமெண்டால்?"

"திருப்பித் தாங்கோ. படங்கை ஆர் கேக்கப்போறான்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆயிரத்தெண்ணூறு ரூபாய்ப் படங்கு நானூறுக்கு, தவிடும் எனக்கு. அடுத்த மாசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீரகத்தி அண்ணரின் மில்லுக்குப் போகவேண்டியது. இப்போது சரி. இப்போது நன்றாகவே சரி.

"அப்ப, உண்மைக் கணக்கைச் சொல்லுங்கோ, எழுதுவம்" என்றார் முதலாளி.

வாயைத் திறந்தேன். கண்ணுக்கு முன்னால் முற்றத்து நெல்லுக் குவியல் நின்றது. என்னுடைய நெல் இல்லைத்தான். ஆனாலும் நாக்கு எழும்பவில்லை.

"சொல்லுமன்" என்று இவர் முழங்கையால் இடித்தார்.

"முதலாளி, குறை நினையாதேங்கோ. ஒருக்கா ரோட்டுக்கு வாறீங்களோ?"

கோகுலன் என்னை விசரி என்று நினைத்திருப்பார். முதலாளி ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. படிவத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கொழுவிக்கொண்டு, என் பின்னாலேயே வந்தார். படலையைத் தாண்டினோம். ரோட்டுக்கு வந்த பிறகும், அவர் தானாகவே நெல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, காதை என் பக்கம் சாய்த்தார்.

"பதினைஞ்சு" என்றேன்.

எங்கள் சைக்கிள் சீற்றில் படிவத்தை வைத்துப் பதினைந்து என்று எழுதினார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அவர் அதையும் காணாதமாதிரி உள்ளே போனார்.

படங்கைத் திரும்பவும் கரியரில் கட்டிக்கொண்டு வந்தோம். பாதி வழியில் என் கணவர், "அடுத்த முறை களத்திலை நான் அறுபது எண்டால் அதோடை விடும்" என்றார்.

"அறுபதோ? வாயைப் பொத்திக்கொண்டு உருட்டுங்கோ. அடுத்த முறை நூறு எண்டு சொல்லுவன்."

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய், சிவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவளுக்கு ஒரு சுண்டு தவிடு கூடப் போட்டுக் கரைத்து வைத்தேன்.