குழாய் போகும் வழி

உஸ்மானுக்கு அந்த வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அனல்மின் நிலையத்துப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியே தெற்கே கொண்டுபோய், பூமிக்கடியில் பாறைக்குள் அடைத்து வைத்தால் என்ன செலவாகும், சுற்றுப்புறத்துக்கு என்ன கேடு என்று அவனுடைய கிழக்குத் தாம்பரம் ஆபீஸ் ஆய்வறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது. புகையைப் பிடிக்கிற இயந்திரமே அந்த நிலையத்தின் மின்சாரத்தில் கால் பங்கை விழுங்கிவிடும் என்று கணக்கு வந்தபோது ஆடிப்போனான். புகையைக் குறைப்பதற்காக இன்னும் அதிகமாக நிலக்கரி எரிப்பதாம். இந்த அழகுக்குச் சுத்தமான தொழில்நுட்பம் என்று பெயர் வேறு.

ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான். செலவைக் குறைத்துக் காட்டச் சொல்லி மேலிடம் நெருக்கியதும், குழாயை முடிச்சூர்ப் பள்ளத்து வழியே விட்டான். அங்கே நிலம் மலிவு. குழாய் வெடித்தால் வாயு காற்றோடு கலந்து போய்விடும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான். முடிச்சூரில்தான் அவன் தங்கை குல்ஷன் வீடு கட்டிக் குடியிருந்தாள். அப்போது அது அவன் நினைவுக்கே வரவில்லை.

2008 மே மாத வெயிலில் குல்ஷன் வீட்டுக் கிணறு அடிமட்டத்துக்குப் போய், மோட்டார் குழாயின் அடிமுனையிலிருக்கும் ஃபுட் வால்வு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் ஜாகிர் உள்ளே இறங்கத் தயாரானான். இறங்குவதற்கு முன் வாளியில் மெழுகுவத்தி ஏற்றி, கயிற்றில் விட்டுப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். உஸ்மானும் சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை அந்தக் கயிற்றைப் பிடித்தவன்தான். அன்றைக்கும் அவன்தான் பிடித்தான். பாதிக் கிணறு போனதும் சுடர் அணைந்தது. ஏற்றி மறுபடி விட்டான். அதே இடத்தில் அணைந்தது.

"கெட்ட காத்து நிக்குது மச்சான். இன்னைக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு ஜாகிர் கிரிக்கெட் பார்க்க உள்ளே போய்விட்டான்.

உஸ்மான் அணைந்த மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றான். கரியமில வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறான். மெழுகுவத்தி அணைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அறிக்கை எழுதும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்தது? நிறமில்லை, வாசனையில்லை, குழாய் வெடித்தால் டன் கணக்கில் கொட்டும். முடிச்சூரே ஒரு கிணறாகிவிடும். தங்கையின் பிள்ளைகள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். குல்ஷன் ஆசையாகப் பரிமாறிய பிரியாணியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் முதல் வேலையாகக் குழாயைக் கிழக்கே தள்ளினான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகட்டும். அங்கே அரசாங்கப் புறம்போக்கு, நிலத்துக்குக் காசே வேண்டாம். மேலதிகாரி தோத்தாத்ரி, செலவு கூடவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது உஸ்மானுக்கு. கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் அஞ்சலியிடம் புதிய வழியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். அவள் மளமளவென்று கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். சதுப்பு நிலம் வந்ததும் கை நின்றது.

"இது எங்க வூட்டுப் பின்னாடி சார்," என்றாள்.

தன் தெரு படத்தில் வருவதில் அவளுக்குப் பெருமை. மீன் விற்கிற அம்மாவும் இரண்டு தம்பிகளும் அவளும் அங்கேதான் இருப்பதாகவும், ரொம்பத் தாழ்வான இடம், மழைக்காலத்தில் கட்டில்வரை தண்ணீர் வருமென்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உஸ்மான் குனிந்து படத்தைப் பார்த்தான். கோட்டைத் தள்ளும்போது அவன் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், குல்ஷன் வீடு தப்பிவிட்டதா என்று. இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நானா இப்படிச் செய்தேன் என்று அவனுக்கே பயமாக இருந்தது.

"பழைய ரூட்டுல இன்னா சார் பிரச்சினை? அதுவே நல்லாத்தானே இருந்துச்சு?"

ஏதாவது ஒரு பொய் வாயில் வரும் என்று பார்த்தான். வரவில்லை.

"குழாய் வெடிச்சா, அங்க இருக்கிறவங்க செத்துடுவாங்கம்மா."

அஞ்சலியின் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் தன் தெருவின் மேல் விரலை வைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேதான் இங்க தள்ளினீங்களா சார்?"