அஞ்சலாவுக்கு ஒரு முகம்

என்ரை முகத்தை அம்மா களவெடுக்கத் துவங்கினது அந்தக் கடிதம் வந்த அண்டைக்கு. சண்டை முடிஞ்சு அஞ்சு வருசம். நாங்கள் இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலையிருந்து மன்னார்த் தீவுக்கு, எங்கடை தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்து மூண்டு வருசம். காணாமல் போன ஆக்களைப் பற்றி விசாரிக்க மன்னாருக்கு ஒரு குழு வருகுதாம், ஆவணியிலை எங்கடை முறையாம், காணாமல் போனவரின்ரை படம் ஒண்டு கொண்டு வரோணுமாம். கடிதத்தை வாசிச்சு அம்மாவின்ரை கையிலை குடுத்தன். படத்துக்கு எங்கை போறது? எங்கடை படமெல்லாம் கடலுக்கை கிடக்கு.

கடலிலை விட்டதும் நான்தான். ரெண்டாயிரத்தி ஆறிலை நானும் அம்மாவும் இந்தியாவுக்குப் படகேறினம். என்ரை ரெட்டைச் சகோதரி அஞ்சலா பெருநிலத்திலை, விடத்தல்தீவிலை கலியாணம் முடிச்சு இருந்தவள். வரமாட்டன் எண்டு நிண்டிட்டாள். படகுக்காரன் எங்களைத் தனுஷ்கோடிக்குக் கிட்ட ஒரு மணல் திட்டோடை இறக்கிவிட்டுட்டுப் போட்டான். நெஞ்சளவு தண்ணி. அம்மாவைப் பிடிக்கிறதோ, பையைப் பிடிக்கிறதோ? பையை விட்டன். அதுக்குள்ளைதான் அவளின்ரை படமெல்லாம். ரெண்டு வருசத்தாலை விடத்தல்தீவுப் பக்கம் சண்டை வந்துது. அவளும் புருசனும் இடம்பெயர்ந்தவை எண்டு ஒரு ஆள் சொல்லிச்சுது, அதுக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அம்மா ஒருநாளும் பையைப் பற்றிக் கேக்கேல்லை. கேட்டு ஏசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடிதத்தை மடிச்சு வைச்சிட்டு அம்மா என்ரை நாடியைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினா.

"படத்துக்கு ஏன் யோசிக்கிறாய்? உன்ரை முகம் இருக்குத்தானே."

எனக்கு அது விருப்பமில்லை. ஆனா மறுக்க எனக்கென்ன வாய் இருக்கு? அடுத்த நாளே மன்னார் ரவுணுக்குப் போனம். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னாலை அமிர்தநாயகம் அண்ணையின்ரை ஸ்ருடியோ. அஞ்சலாவுக்குப் பிடிச்ச நீலச் சட்டை, நடு உச்சி பிரிச்சு வாரின தலை, எல்லாம் அம்மாவின்ரை ஏற்பாடு. படம் கையிலை வந்துது. அம்மா வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடிச்சுப் பாத்தா.

"இது அஞ்சலா இல்லை."

சொன்னது சரிதான். ரெண்டு சொக்கையும் மூக்கும் கருஞ்சிவப்பாக் கன்றிப்போய், அதிலை சின்னச் சின்னக் கட்டி. ஒரு வருசமா அப்பிடித்தான். நான் வாடியிலை கருவாடு காயப் போடுறவள். காலமை எட்டு மணிக்கே வெய்யில் மூஞ்சியிலை ஏறிடும். சுடச்சுடத் தேத்தண்ணி குடிச்சா எரியும், கோவம் வந்தா எரியும். எனக்குக் கோவம் வராத நாள் எது? வெய்யிலும் உப்புக் காத்தும் பட்ட முகம்தானே எண்டு விட்டிட்டன்.

அமிர்தநாயகம் அண்ணை கொம்பியூட்டரிலை ரெண்டு தட்டுத் தட்டினார். சிவப்பெல்லாம் போய் வழுவழுவெண்டு ஒரு மெழுகு மூஞ்சி வந்துது.

"பொய்ப்படம் குடுக்கக் கூடாது தம்பி," எண்டா அம்மா.

ஐயோ மாதாவே! என்ரை முகத்தை அஞ்சலாவெண்டு குடுக்கிறது பொய்யில்லையாம், கட்டியை அழிக்கிறதுதான் பொய்யாம். முதல் எடுத்த படத்தையே அம்மா பைக்கை வைச்சா, நான் ரோட்டிலை நிண்ட கழுதைக்கு ஏசிக்கொண்டு வந்தன்.

அண்டையிலையிருந்து என்ரை முகம் என்ரை இல்லை. அம்மா சாப்பிடேக்கை பாப்பா, செபமாலை சொல்லேக்கை பாப்பா. பாக்கிறது என்னை இல்லை. என்ரை தோலுக்குப் பின்னாலை ஆரோ நிக்கினம், நான் மறைச்சுக்கொண்டு நிக்கிறன், அப்பிடி ஒரு பார்வை. கண்ணாடியைப் பாத்தா எனக்கும் பயமாக் கிடந்துது. உள்ளுக்கை நிண்டு அவள் "என்னை ஏனடி இப்பிடி வைச்சிருக்கிறாய்?" எண்டு கேப்பாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சன். நான் வாடிக்குப் போய் வாறதுக்கிடையிலை அம்மா அதைத் திரும்ப என்ரை பக்கம் திருப்பி வைச்சிருப்பா.

முதல் வைத்தியம் மடு மண். மடுக் கோயில் மண் ஒரு பிடி எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை எப்பவும் இருக்கும். பாம்பு தீண்டினா அதைத்தான் முதல்லை தேடுவம். படகேறேக்கை அம்மா அதை இடுப்பிலை முடிஞ்சுகொண்டு வந்தவ. படம் போச்சுது, மண் தப்பிச்சுது. அந்த மண்ணைத் தேசிக்காய்ப் புளியிலை குழைச்சு என்ரை மூஞ்சியிலை அப்பினா.

"பாம்பு விசத்தையே எடுக்கிற மண். இது என்ன கட்டி?"

அரை மணித்தியாலம் பொறுத்தன். பிறகு நான் கத்தின கத்திலை பக்கத்து வளவு நாயெல்லாம் குரைச்சுது. கழுவிப் பாத்தா தோல் உரிஞ்சு நிண்டுது. "உனக்கு விசுவாசம் காணாது," எண்டா அம்மா. எனக்கு வந்த விசருக்கு மூண்டு நாள் அவவோடை கதைக்கேல்லை.

பிறகு முன்வீட்டு எடித் அக்கா ஒரு வெள்ளை டப்பா கொண்டந்தா. பேரில்லை, ஊரில்லை. ஆரோ கலந்து விக்கினமாம். "பூசிப் பார் பெற்றி, ஒரு கிழமையிலை மாதா சுரூபம் மாதிரி வருவாய்." கண்டறியாத கிறீம் எண்டு ஏசிப்போட்டுத்தான் பூசினன். சொன்னா நம்பமாட்டியள், ஒரு கிழமையிலை எரிவு போச்சுது, கட்டி போச்சுது, முகம் வெளிறிப் பளபளவெண்டு வந்துது.

ஒரு நாள் மத்தியானம் வாடியாலை வந்து முகம் கழுவிப்போட்டுக் குசினி வாசலிலை நிண்டன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிந்து பாத்தா. கையிலை இருந்த மீன் நழுவி விழுந்துது.

"வந்திட்டியே பிள்ளை? அவர் எங்கை? சாப்பிட்டனியளே?"

"அம்மா, நான் பெற்றிசியா."

"பெற்றி வாடிக்குப் போட்டாள். நீ இரு."

கையைக் கழுவிப்போட்டுச் சோத்தைக் குழைச்சு ஒரு கவளம் என்ரை வாய்க்கு நீட்டினா. எனக்குக் குழையல் சோறு தந்து எத்தினை வருசம்! நான் வாங்கினன். என்னத்துக்குப் பொய் சொல்லுவான், ருசியாத்தான் இருந்துது. விழுங்கேக்கைதான் பயம் பிடிச்சுது. அவள் என்ரை முகத்துக்கை வந்து குந்தியிட்டாள் எண்டா நான் எங்கை போறது?  கொஞ்ச நேரத்தாலை அம்மா கண்ணைத் துடைச்சுப்போட்டு, ஒண்டும் நடவாத மாதிரி மீனை எடுத்துக் கழுவினா.

அப்பவே போய்ப் படத்தை எடுத்திருக்கலாம். ஆனா அது உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசுகாலம். நாப்பது நாளும் பூவில்லை, நல்ல சட்டையில்லை, படத்துக்குச் சோடிச்சு நிக்கிறது கூடவே கூடாது. பாஸ்கு முடியட்டும் எண்டா அம்மா. பாஸ்கு முடிய முதல் டப்பா முடிஞ்சுது, வித்த ஆளையும் காணேல்லை. உயிர்த்த ஞாயிறு காலமைப் பூசையிலை, சனப் புழுக்கத்துக்கை நிக்கேக்கை எரியத் துவங்கிச்சுது. மூண்டாம் நாள் இமை வீங்கி, கட்டிக்கு மேலை கட்டி. தொட்டுப் பாத்தா அது என்ரை முகமுமில்லை, அவளின்ரை முகமுமில்லை.

ஆசுப்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அம்மாவும் கூட வந்தா. டொக்டர் றஹீமா என்னை விட இளசு, சிலாவத்துறைப் பிள்ளை. அவையளும் சண்டைக்கை ஊரை விட்டுத் துரத்துப்பட்டு, இருபது வருசம் புத்தளத்திலை இருந்திட்டுத் திரும்பின குடும்பம். வெறும் டப்பாவை மணந்து பாத்திட்டு மேசையிலை வைச்சா.

"அக்கா, இதிலை ஸ்டீரொயிட் கலந்திருக்குப் போலை. பூசேக்கை நல்லா இருக்கும், விட்டா மோசமா வரும். உங்களுக்கு முதலே இருந்தது ரோசேசியா எண்ட வருத்தம். எங்கடை நிறத்திலை சிவப்பு வடிவாத் தெரியாது. அதாலை வெய்யில் கருக்கல் எண்டு விட்டிடுவினம்."

"தேசிக்காயும் மண்ணும் பூசினவ," எண்டு அம்மாவைப் போட்டுக் குடுத்தன்.

"மண்ணைக் கும்பிடுங்கோ அம்மா, பூசாதேங்கோ," எண்டு டொக்டர் சிரிச்சா. "தேசிக்காயைக் கறிக்கு விடுங்கோ."

பிறகு ஒவ்வொண்டாச் சொல்லித் தந்தா. வாசனைச் சவுக்காரம் வேண்டாம். உரஞ்சக் கூடாது, துவாயாலை ஒத்தினாக் காணும். வெய்யிலுக்குப் பூசுற கிறீம் சிங்க் சேந்ததாப் பாத்து வாங்கோணும், அகலத் தொப்பி போடோணும், தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடிக்கோணும். புதுசா எதை வாங்கினாலும் முதல் தாடைக்குக் கீழை கொஞ்சம் பூசி மூண்டு நாள் பாக்கோணும். ரெண்டு நேரமும் பூச ஒரு ஜெல். "முழுக்கச் சுகமாகுமெண்டு சொல்லமாட்டன், அடங்கும். ரெண்டு மூண்டு மாசம் பொறுக்கோணும்." எழுதிக்கொண்டே கேட்டா, "வீட்டிலை வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

"எனக்கொரு ரெட்டை இருக்கிறாள்," எண்டன். இருக்கிறாள் எண்டுதான் வாயிலை வந்துது.

"ஒரே முகமோ?"

"ஒரே முகம்."

"அப்ப அவவுக்கும் இந்த வயசிலை வந்திருக்கக் கூடும் அக்கா. நிச்சயமாச் சொல்லேலாது. அவவையும் ஒருக்கா வந்து காட்டச் சொல்லுங்கோ."

அம்மா கதிரையிலை நிமிந்து இருந்தா. "சொல்லுறம் பிள்ளை," எண்டா.

அண்டைக்குப் பிறகு அம்மா படத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நான் அடுப்படியிலை நிண்டா "எரியுதோ?" எண்டு கேப்பா. ஓம் எண்டா அவவின்ரை கண் ஜன்னலாலை பெருநிலப் பக்கம் போகும். "எந்த வெய்யிலுக்கை நிக்கிறாளோ," எண்டு ஒருநாள் முணுமுணுத்தா. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. எரியுதோ எண்டு கேட்டதெல்லாம் என்னட்டை இல்லை.

நான் விடேல்லை. கடலிலை விட்ட பையைத் திரும்ப எடுக்க எனக்கு இருந்த ஒரே வழி இந்த மூஞ்சிதானே. டொக்டர் சொன்னதெல்லாம் செய்தன். வாடியிலை பொம்பிளையள் தொப்பியைப் பாத்து "வெள்ளைக்காரி வாறா, வழி விடுங்கோ," எண்டு நக்கலடிச்சினம். ஆடி முடிய முகம் அடங்கிச்சுது. தனியப் போய்ப் படம் எடுத்தன். நீலச் சட்டை, நடு உச்சி.  அவளேதான். கொண்டுபோய் அம்மாவின்ரை மடியிலை வைச்சன்.

"இந்தாங்கோ அம்மா, அஞ்சலா."

அம்மா படத்தை எடுத்துப் பாத்தா. விரலாலை சொக்கையைத் தடவினா.

"வடிவா இருக்கிறாள்," எண்டா. "இது நாங்கள் படகேறின அண்டைக்கு அவள் நிண்ட முகம்."

விசாரணைக்குப் போனம். மேசைக்கு அங்காலை இருந்த ஐயா படத்தைக் கேட்டார். அம்மா பையைத் திறந்து எடுத்தது நான் குடுத்ததை இல்லை. சொக்கை கன்றிக் கட்டி போட்டிருந்த முதல் படம்.

"அம்மா, பிழையான படம்," எண்டு காதுக்கை சொன்னன். அம்மா என்ரை கையைத் தட்டிவிட்டா.

"ஐயா, இது காணாமல் போனவள் இல்லை. இந்தா நிக்கிறாளே, மற்றவள். ரெண்டும் ஒரே முகம். அவளின்ரை படம் கடலோடை போட்டுது. நீங்கள் தேடுறதெண்டா இப்பிடித் தேடுங்கோ. முகம் சிவந்து கட்டி போட்டிருக்கும். வெய்யிலுக்கை நிண்டா எரியும். அவளுக்கு மருந்து பூச ஒருத்தரும் இல்லை."

அந்த ஐயா பேனையைக் கீழை வைச்சிட்டார். கடலோடை போட்டுது எண்டுதான் அம்மா சொன்னா, இவள் விட்டிட்டாள் எண்டு சொல்லேல்லை. நான் அதிலையே நிண்டு அழுதன். முகம் எரிஞ்சுது. எரியட்டும் எண்டு அழுதன்.

வீட்டை வந்து சட்டையை வைக்க அலுமாரியைத் திறந்தன். அம்மாவின்ரை சேலைக்கடியிலை புதுத் தொப்பி ஒண்டு, விலைத் துண்டும் கிழிக்கேல்லை. அதுக்குள்ளை உடைக்காத ஜெல் பெட்டி.

"இது ஆருக்கு?" தெரிஞ்சுகொண்டுதான் கேட்டன்.

"வந்த உடனை எரியுதெண்டு நிப்பாள். அந்த நேரம் பாமசி பூட்டிக் கிடந்தா?"

 பெட்டியிலை முடியிற திகதியைப் பாத்தன். இன்னும் ரெண்டு வருசம் கிடந்துது.

அம்மா கண்ணை மூடியும் இப்ப ஒரு வருசத்துக்கு மேலை. போன கிழமை பாமசியிலை என்ரை ஜெல்லைக் கேட்டன். அங்கை நிக்கிற பிள்ளை, "ஒண்டு தானே அக்கா?" எண்டாள்.

அலுமாரியிலை கிடக்கிறதுக்கு இந்த மாசத்தோடை திகதி முடியுது.

"ரெண்டு தாங்கோ," எண்டன்.