ர இல்லாத மாதங்கள்

எங்கள் நார்வேயில் காட் மீன் எண்ணெய்க்கு ஒரு சட்டம் உண்டு. பெயரில் 'ர' சத்தம் வரும் மாதங்களில் தினமும் காலையில் ஒரு கரண்டி குடிக்க வேண்டும். 'ர' இல்லாத மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நான்கும் விடுமுறை. என் புருஷன் ஹால்வர் இந்தச் சட்டத்தை வேதவாக்காக வைத்திருந்தான்.

முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கரண்டியை நீட்டியது நான்தான். நன்றி என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் மட்டும் அவனுக்கு வாய் திறக்கும்.

"என் பொண்டாட்டி ஹெர்டிஸ் சமையலைத் தின்னுட்டும் நான் உயிரோட இருக்கேன்னா, அது காட் மீனோட புண்ணியம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

போன அக்டோபரில் அவன் இதயம் தாளம் தப்பியது. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் மாத்திரை எழுதினாள். அவன் கோட்டு மாட்டப் போனதும் என்னிடம் சொன்னாள்: "ஒரு நாள்கூட விடக்கூடாது, ஹெர்டிஸ். விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும். பூண்டும் மீன் எண்ணெயும் இதுக்கு ஈடாகாது."

அவனோ பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பூண்டு மாத்திரை வரவழைத்தான். அதையும் டாக்டர் மாத்திரையையும் ஒரே காபி டின்னில் கொட்டி, எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். எல்லாம் இதயத்துக்குத்தானே என்றான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி, பனிச்சறுக்குக் கட்டைகளோடு டின்னையும் பாட்டிலையும் நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"டாக்டர் மாத்திரையும் அதுலதான் இருக்கு."

"இருக்கட்டும். செப்டம்பர்ல பாத்துக்கலாம்."

"அது வேற, ஹால்வர். நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்க."

"உனக்கு உருளைக்கிழங்கே ஒழுங்கா வேகவைக்கத் தெரியாது. இதயத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்ட. போய்க் காபியை ஊத்து."

ஊற்றினேன்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். டாக்டருக்குப் போன் போட்டிருக்கலாம். நிலவறைக்குப் பதினோரு படிதான், நான் இறங்கவில்லை. மே முழுக்கக் காலையில் எழுந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். ஜூனிலும் பார்த்தேன். பயந்துகொண்டு பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். பயமில்லை, ஆவல்.

ஜூலை பதினான்காம் தேதி, ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைக்கும்போது அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிழைத்துவிட்டான். வலது கை போய்விட்டது. பேச்சு பாதிதான் திரும்பியது, அதிலும் 'ர' வரவேயில்லை. நான் ஹெடிஸ் ஆனேன். அவன் பெயரே அவன் வாயில் ஹால்வ என்று நின்றுபோனது.

ஆகஸ்டில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மாத்திரையை முதலில் கொடுத்தேன். இனி ஒரு நாளும் தவறாது. அவன் நெடுநாள் இருக்க வேண்டும். பிறகு நிலவறைக்கு இறங்கிப் பாட்டிலை எடுத்து வந்தேன். கோடை முழுக்கக் கிடந்ததில் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடித்தது.

கரண்டியைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"ஆகஸ்ட்... ஆகஸ்ட்... இல்ல."

"எது இல்ல, ஹால்வர்? அந்த எழுத்தைச் சொல்லு, நிறுத்திடறேன்."

நாக்கை மேலே தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. மறுபடி முயன்றான், கண்ணில் நீர் வழிந்தது. எனக்கு அவசரமில்லை. காபி ஆறும் வரை காத்திருந்துவிட்டு, அவன் தாடையைப் பிடித்துக் கரண்டியை உள்ளே சாய்த்தேன்.