மார்லோ ஸ்பைவி மாதிரி

டிவியில் என் அண்ணன் ரோமெலின் படம் வந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொருவரின் படமும் வந்தது. அம்மா காலில் கிடந்த வீட்டுச் செருப்பைக் கழற்றி டிவியைப் பார்த்து எறிந்தாள்.

செருப்பு போகிற வழியில்தான் ரோமெல் உட்கார்ந்து கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டிருந்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது தோளை லேசாகத் தாழ்த்தினான். செருப்பு அவன் காதோரமாகப் பறந்து டிவி மேசையில் மோதி விழுந்தது. கிண்ணத்துப் பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"மறுபடியும் மார்லோ ஸ்பைவியா? என் வயித்துல பொறந்த பிள்ளை மார்லோ ஸ்பைவி மாதிரியா?"

"மா, டிவி என்ன பண்ணுச்சு?" என்றான் ரோமெல்.

"அந்த ஹால்வர்சன் மூஞ்சி அதுக்குள்ளதானே இருக்கு!"

எங்கள் ஜார்ஜியாவில் ஏப்ரல் மாதம் என்றால் மகரந்தமும் டிராஃப்டும்தான். இரண்டுமே எல்லோருக்கும் கண்ணீரை வரவழைக்கும். டிராஃப்ட் என்றால், கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி முடித்த பையன்களைப் பெரிய அணிகள் மூன்று நாள் உட்கார்ந்து, ஏழு சுற்றில் ஒவ்வொருவராகப் பொறுக்கும். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் டிவியில் ஒரே பேச்சுதான்: இவன் யார் மாதிரி? எந்தப் பையனையும் அவனாகவே விட்டுவிட மாட்டார்கள். பழைய ஆட்டக்காரன் ஒருவனைத் தோண்டி எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ஹால்வர்சன் அதில் பெரிய ஆள். அவர் பலகையில் ஒரு பெயரை ஒட்டினால் நாடு முழுக்க அதையே திருப்பிச் சொல்லும்.

ரோமெல் ரன்னிங் பேக். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன்னைப் போல இரண்டு மடங்கு பருமனான ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது அவன் வேலை. மார்லோ ஸ்பைவியும் ஒரு காலத்தில் அதே வேலை பார்த்தவர்தான். அவர் பக்கத்து ஊர்க்காரர். இடுப்பு வரை சடைமுடி, சட்டையில் இருபத்திரண்டாம் எண். அரையிறுதி ஆட்டத்தில், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாதபோது, எல்லைக் கோட்டுக்குச் சில அடி முன்னால், தன் முழங்காலிலேயே இடித்துப் பந்தைக் கீழே விட்டார். அதோடு அவர் கதை முடிந்தது.

ரோமெலுக்கும் சடைமுடி. அவனுக்கும் இருபத்திரண்டாம் எண். அவனும் இந்த வட்டாரம்தான். அவ்வளவுதான் ஒற்றுமை. ஆனால் இந்த ஒப்பிடும் கூட்டம் அப்படித்தான் ஒப்பிடும். வெள்ளைப் பையன் என்றால் இன்னொரு வெள்ளைக்காரன் மாதிரி. குள்ளன் என்றால் இன்னொரு குள்ளன் மாதிரி. சடை என்றால் சடை மாதிரி. காலை யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரியில் மூன்றாவது சுற்றில் போவான் என்று பேசப்பட்ட ரோமெலின் பெயர், ஹால்வர்சன் அந்தப் படத்தை ஒட்டியதிலிருந்து வழுக்கிக்கொண்டே போய், டிராஃப்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. பந்தை நழுவவிடுகிறவன் மாதிரி ஒருவனை யார் விரும்பி எடுப்பார்கள்? அந்த மூன்று நாளில் எந்த அணியும் போன் அடிக்கவில்லை என்றால், மாமா வேலை பார்க்கும் கோழித் தொழிற்சாலையில் ஒரு இடம் காத்திருந்தது. ரோமெல் அதைப் பற்றிப் பேசவே மாட்டான். கோழிக்கறி சாப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தான்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு எர்னஸ்டைன் பெரியம்மாவின் சலூனில் தலை கழுவிவிடுகிறேன். அந்த வாரம் சலூனிலும் இதே காய்ச்சல்தான்.

"நம்ம பாஸ்டர் யாரு மாதிரி சொல்லு?" என்று பெரியம்மா ஆரம்பிப்பாள்.

"காணிக்கைத் தட்ட தூக்கிட்டுப் போற வேகத்தப் பாத்தா, எந்த டிஃபன்ஸ்காரனும் கிட்ட வர முடியாதுக்கா," என்பாள் நாற்காலியில் இருப்பவள்.

"உன் புருஷன்?"

"அவரு பெஞ்சு ஆட்டக்காரரு. சீருடை போடுவாரு, நல்லாச் சாப்பிடுவாரு, களத்துல மட்டும் எறங்க மாட்டாரு."

சலூனே குலுங்கும். ஒரு நாள் யாரோ என்னைக் காட்டி, "இந்த டெஸ் பொண்ணு யாரு மாதிரி?" என்றார்கள். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

"டெஸ் கிக்கர் மாதிரி," என்றாள் பெரியம்மா. "ஆட்டம் பூரா ஓரத்துலயே நிப்பா. அவ இருக்கறதே யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவ கூப்பிடுவாங்க, வந்து ஒதைச்சுட்டுப் போயிருவா."

எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் எங்கள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மார்லோ ஸ்பைவி இறங்கினார். சடையில் பாதி நரைத்திருந்தது. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி மீன். சண்டை போடப் போனாலும் எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

"வெர்லீன், நான் ஒரு புகார் சொல்ல வந்திருக்கேன்," என்றார் அம்மாவிடம். இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அம்மா ஒரு வகுப்பு மேலே.

"நீ புகார் சொல்றியா? டேய் மார்லோ, உன் பேரு ஒட்டிக்கிட்டு என் பிள்ளை பொழப்பு போகுது. நீ புகார் சொல்றியா?"

"உன் பிள்ளையாலதான் என் பொழப்பு போகுது! எல்லாரும் மறந்துட்டாங்க, வெர்லீன். நிம்மதியா மீன் பொரிச்சு வித்துட்டிருந்தேன். இப்பத் தெனமும் டிவில அந்த வீடியோவப் போடுறான். கடைக்கு வர்றவனெல்லாம் எலுமிச்சம்பழத்தத் தூக்கிப் போட்டு 'பிடி மார்லோ'ங்குறான்."

"பிடிச்சியா?"

மார்லோ மீனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அது இப்பப் பேச்சில்ல."

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த பெரியம்மா சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொண்டாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து சாய்ந்துவிட்டார்கள்.

"பையன முடிய வெட்டச் சொல்லு. எல்லாம் சரியாயிரும்."

"நீங்க வெட்டுங்க, மிஸ்டர் மார்லோ," என்றான் ரோமெல்.

"இது என் கடையோட அடையாளம்! பெயர்ப்பலகையில வரைஞ்சிருக்கு!"

"இது என் தலையோட அடையாளம். தலையில வளந்திருக்கு."

"வாய் மட்டும் நல்லா ஓடுது. நீ என்ன மாதிரியே கெடையாது, தம்பி. நான் நிமிந்து ஓடுவேன், மான் மாதிரி. நீ குனிஞ்சு குனிஞ்சு நண்டு மாதிரி ஓடுற."

"நண்டா?"

"நண்டுன்னா கேவலமில்லடா. நல்ல வெலைக்குப் போகும்."

அம்மா இரண்டு கையையும் தட்டினாள். "போதும். பேச வேணாம். ரெண்டு பேரும் ஓடிக் காட்டுங்க. இந்த பெக்கான் மரத்துலேருந்து துணிக்கொடி வரைக்கும். யாரு யாரு மாதிரின்னு நாங்க பாத்துக்கறோம்."

பந்து இல்லை. வீட்டில் இருந்த ஒரே பந்தை நாய் கடித்து வைத்திருந்தது. மார்லோ கையிலிருந்த மீனைப் பார்த்தார்.

"நான் இதத் தூக்கிட்டு ஓடுறேன்."

"மிஸ்டர் மார்லோ, அது வழுக்கும்," என்றான் ரோமெல்.

"தம்பி, நான் நாள் பூரா கெளுத்தியோட குடும்பம் நடத்துறவன்."

"டெஸ், எடுடி!" என்று பெரியம்மா கத்தினாள். நான் படியில் உட்கார்ந்தபடியே போனைத் தூக்கிப் பிடித்தேன்.

ஓடினார்கள். மார்லோ சொன்னது உண்மைதான். அந்த வயதிலும் முதுகு நேராக, கழுத்து நேராக, முழங்கால் இடுப்பு வரை எழும்ப, நரைத்த சடை கொடி மாதிரி பின்னால் பறக்க, ஏதோ ராஜா ஓடுகிற மாதிரி ஓடினார். ரோமெல் அவர் பக்கத்தில் தரையோடு தரையாக, சின்னச் சின்னக் காலடியாகப் போட்டுக்கொண்டு போனான். ஒரே முடியைக் கொடுத்து இரண்டு வேறு பிராணிகளை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

பாதி தூரத்தில் மார்லோ முந்தினார். அவருக்கே அது நம்ப முடியவில்லை போல. பையன் எவ்வளவு பின்னால் இருக்கிறான் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மீன் நெஞ்சிலிருந்து வழுக்கியது. வலது முழங்கால் மேலே வந்தது. அதே முழங்கால். மீன் அதில் பட்டுக் காற்றில் எம்பியது.

வேலியோரத்தில் இருந்த அத்தனை பேரும் "ஐயோ!" என்றார்கள்.

குனிந்து ஓடிக்கொண்டிருந்த ரோமெல் ஒரு கையை நீட்டினான். மீன் புல்லைத் தொடுவதற்கு முன்னால் செவுளோடு பிடித்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு, வேகம் குறையாமல் துணிக்கொடியைப் பார்த்துப் போனான்.

"என் வெள்ளை விரிப்பு!" என்று அம்மா அலறினாள். கொடியில் அன்றைக்குத் துவைத்த படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த நொடி செருப்பு பறந்தது.

ரோமெல் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். இடது தோளைத் தாழ்த்தினான். செருப்பு அவனைத் தாண்டிப் போய், முன்னால் இன்னும் ஓடிக்கொண்டிருந்த மார்லோவின் பிடரியில் இறங்கியது. ரோமெல் விரிப்புக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்து, மீனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். துணியில் ஒரு செதில்கூடப் படவில்லை. கெளுத்திக்குச் செதில் கிடையாது என்பது வேறு விஷயம்.

பெரியம்மா புல்லில் உருண்டு சிரித்தாள். மார்லோ தரையில் உட்கார்ந்து பிடரியைத் தேய்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு அவரும் புல்லில் சாய்ந்துவிட்டார்.

"இப்பச் சொல்லு வெர்லீன். நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரியா?"

நான் எழுந்து அவரிடம் போனேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இத நெட்டுல போடட்டுமா, மிஸ்டர் மார்லோ? எல்லாரும் பாக்கற மாதிரி?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ரோமெலைப் பார்த்தார். அவன் மீனைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றான்.

"எலுமிச்சம்பழம் எறியறவன் இனிமே மீன எறிவான்," என்றார். "சரி, போடு. போனாப் போகுது. கடைப் பேரையும் எழுது."

எழுதினேன். கூடவே ஒரு வரியும் எழுதினேன்: "ரெண்டு பேருக்கும் ஒரே முடி. தயவுசெஞ்சு காலப் பாருங்க." அழுத்திவிட்டு, போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

டப்பாவைத் திறந்தபோது போன் சூடாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் நாடு அதைப் பார்த்திருந்தது. ஹால்வர்சன் தன் நிகழ்ச்சியில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கால்களைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். ஆனால் பலகையிலிருந்து படத்தை எடுக்கவில்லை. மார்லோவின் கடையில் மீன் தீர்ந்து போனது.

இருந்தும் டிராஃப்டின் முதல் இரண்டு நாளும் போன் அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஆட்கள். மார்லோ பொரித்த மீன் தட்டுகளோடு வந்துவிட்டார். நாலாவது சுற்று போனது. ரன்னிங் பேக் பெயர்களாக வந்தன, ரோமெல் பெயர் வரவில்லை. ஐந்தாவதும் போனது. யாரோ தெரியாமல் கோழி வறுவலை எடுத்துவந்து ரோமெல் முன்னால் வைத்தார்கள். அவன் அதைப் பார்த்தான். பிறகு ஒரு துண்டை எடுத்துக் கடித்தான்.

அப்போது மீன் தட்டுக்கு அடியில் ஏதோ அதிர்ந்தது.

"போன்! போன்!" எல்லோரும் ஒரே தட்டின் மேல் விழுந்தோம். அம்மாவின் கைதான் முதலில் போனது. பதற்றத்தில் ஒலிபெருக்கியையும் அழுத்திவிட்டாள்.

"ரோமெல் போல்டனா?" வடக்கே, மே மாதம்கூடப் பனி கொட்டுகிற ஊரின் பயிற்சியாளர் பேசினார்.

"அவங்கம்மா."

"செருப்பு எறிஞ்சது நீங்கதானாம்மா?"

அம்மா கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பொதுவா நான் அப்படிப்பட்டவ இல்லைங்க."

"எத்தனை வருசமா எறியறீங்க?"

அம்மா எங்களைப் பார்த்தாள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. "அவன் நடக்கப் பழகுனதுலேருந்து."

"அதான்! ஒரு வாரமா நாங்க இங்க மண்டைய ஒடச்சுக்கறோம், இவன் யாரு மாதிரி ஓடுறான்னு. பழைய வீடியோ எல்லாம் போட்டுப் பாத்தோம். யாரு மாதிரியும் ஓடல. முதுகுக்குப் பின்னாடி செருப்பு வருதுன்னு தெரிஞ்சவன் மாதிரி ஓடுறான். எங்களுக்கு அது வேணும். பையன்கிட்ட குடுங்க. ஆங், பயிற்சிக்கு வரும்போது அந்தச் செருப்பையும் கொண்டு வரச் சொல்லுங்க."

"செருப்பு வரணும்னா நான் வரணும்," என்று சொல்லிவிட்டு அம்மா போனை ரோமெலிடம் கொடுத்தாள். அவன் வாய் நிறையக் கோழியோடு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

டிவியில் அவன் பெயரை வாசித்தார்கள். வீடு கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. திரையில் அவன் படம் வந்தது. அதன் கீழே, மாற்ற யாருக்கும் ஞாபகம் இல்லாமல், அதே பழைய வரி: மார்லோ ஸ்பைவி மாதிரி.

ஒரு கணம் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

மார்லோ சோபாவின் மேல் ஏறி நின்றார். "நானு! அது நானுடா! ஆறாவது சுத்தா? நான் நாலாவது சுத்துலயே போனவன்டா!"

அம்மா சிரித்தாள், அழுதாள், குனிந்து காலில் கை வைத்தாள். கோபமில்லை. சந்தோஷம் வந்தாலும் அவளுக்கு எறியத்தான் தெரியும். செருப்பு கூட்டத்துக்கு நடுவே பறந்து வந்தது. ரோமெல், நான், பெரியம்மா, மாமா, எல்லோரும் ஒரே நேரத்தில் இடது தோளைத் தாழ்த்தினோம்.

மார்லோ மட்டும் நிமிர்ந்து நின்றார்.